பேஸ் கிற்றார்: முதல் கம்பியிலிருந்து முதல் மேடைவரை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ புதிதாக ஓர் இசைக்குழு சேர்ந்தால், ஓர்கனுக்கு ஆள் இருக்கும், லீட் கிற்றாருக்குப் போட்டியே இருக்கும், பாட வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். பேஸுக்குத்தான் பெரும்பாலும் ஆளில்லை. முப்பது வயதில், நாற்பது வயதில் வேலைக்குப் போய்வந்து பழகுகிறவரும் ஒரு வருடத்துக்குள் குழுவில் நிற்கக்கூடிய வாத்தியம் இது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கிறோம், ஆகவே தொடக்கம் எளிது. ஆனால் அந்த ஒரு சுரத்தை எங்கே தொடங்குவது என்பதைப் போலவே எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். இரண்டாவதைப் பலர் கற்றுக்கொள்வதே இல்லை. இந்த வழிகாட்டியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வோம்.

வாங்குவதற்கு முன்

நான்கு கம்பிப் பேஸ் போதும். தடித்த கம்பியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. திறந்த ஈ கம்பி செக்கனுக்கு 41 தடவை அதிர்கிறது, ஜி கம்பி 98 தடவை. சாதாரண கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் சரியாக ஓர் ஒக்டேவ் (ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) கீழே. ஐந்து கம்பிப் பேஸில் அதற்கும் கீழே ஒரு பி கம்பி வரும். வாசிக்காத நேரத்தில் அடக்கிவைக்க வேண்டிய கம்பி ஒன்று கூடுகிறது என்பதால் முதல் வாத்தியமாக அதை வாங்க வேண்டாம்.

கம்பியின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம், ஏறக்குறைய 86 சென்ரிமீற்றர். கை சிறிதானவர்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் 30 அங்குலப் பேஸ் உண்டு. முதல் நான்கு பிரெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த இரும்புக் கோடுகள்) கை இழுபடாமல் எட்ட அது பெரிய உதவி.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) வகைகளில் நீங்கள் அதிகம் காணப்போவது இரண்டு. லியோ ஃபெண்டர் 1951 இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் வகை ஒன்று. நடுவில் இரண்டு துண்டாகப் பிளந்து வைத்த இன்றைய பிக்கப் அதற்கு 1957 இல் வந்தது. 1960 இல் வந்த, இரண்டு நீளப் பிக்கப் கொண்ட ஜாஸ் வகை மற்றது. முதல் பேஸுக்குப் பிரிசிஷன் வகையையே சொல்வோம். ஒரு வொலியூம், ஒரு ரோன், அவ்வளவுதான். திருகித் திருகிச் சத்தம் தேட இடமில்லாததால் காது விரலின் பக்கம் திரும்பும். உள்ளே 9 வோல்ற் பற்றரி வைக்கும் அக்டிவ் வகையை வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வயரைச் செருகியபடி விட்டால் வாசிக்காவிட்டாலும் பற்றரி இறங்கும்.

பழைய பேஸ் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன் இப்படிச் செய்யுங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் கழுத்து நீளத்துக்குப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், அதைத் திருத்துவது பெருஞ்செலவு. அடுத்து நான்கு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் தனித்தனியாக வாசியுங்கள், ஒரு இடத்தில் மட்டும் "கிர்ர்" என்றால் அந்தப் பக்கத்துப் பிரெட் ஒன்று உயர்ந்திருக்கிறது. வயர் செருகும் துளையை மெல்ல ஆட்டி, சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று கேளுங்கள். அது சிறிய பழுது, ஐந்து நிமிடச் சோல்டர் வேலை. கடைசியாக, கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் திருகுத் தலை தேய்ந்து வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோரத்தில் பாவித்த வாத்தியத்தில் பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனை உடலில் பொருந்தும் பகுதி) சிறிய அலன் ஆணிகள் துருவேறி இறுகியிருப்பதும் வழமை. அவை திரும்பாவிட்டால் எந்தச் சரிப்படுத்தலும் செய்ய முடியாது.

அம்பிளிஃபையர் வீட்டுக்கு 15 முதல் 40 வற்ஸ் வரை போதும். சாதாரண கிற்றாரின் அம்பில் பேஸைச் செருகி உரக்க வாசிக்காதீர்கள். அதன் ஸ்பீக்கர் இவ்வளவு ஆழமான அசைவுக்குச் செய்யப்பட்டதல்ல, கூம்பு கிழியும்.

சரிப்படுத்தல்

கடையிலிருந்து வரும் பேஸ் பெரும்பாலும் வாசிக்கத் தயாராக இருப்பதில்லை. இந்த வேலைகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலாவது பிழையாக இருந்தால் அடுத்த மூன்றும் வீண்.

1. கம்பிகளைச் சுருதி சேருங்கள். தொலைபேசியின் மைக்குக்கு 41 ஹேர்ட்ஸைப் பிடிப்பது கடினம், முள் அலைந்துகொண்டே இருக்கும். 12ஆம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒக்டேவ் மேலான மணி போன்ற சத்தம் வரும், அதை வைத்துச் சேருங்கள்.

2. கழுத்தின் வளைவைப் பாருங்கள். ஈ கம்பியை முதலாவது பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7ஆம், 8ஆம் பிரெட்டுகளின் மேல் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். ஒரு விசிற்றிங் கார்ட் நுழையும் அளவு. அதிகமாக இருந்தால் தண்டின் திருகை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து அளவுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் இடஞ்சுழியாக. திருகு கனமாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். பலம் போட்டால் தண்டு முறியும், முறிந்தால் கழுத்தையே மாற்ற வேண்டியதுதான்.

3. கம்பியின் உயரம். 12ஆம் பிரெட்டின் மேல் ஈ கம்பி 2.5 மில்லிமீற்றர், ஜி கம்பி 2 மில்லிமீற்றர் என்பது நல்ல தொடக்கம். பிரிட்ஜிலுள்ள சிறிய ஆணிகளால் ஏற்றி இறக்கலாம்.

4. சுரச் சுத்தம். 12ஆம் பிரெட்டில் தொட்டு எடுத்த மணிச்சத்தமும் அதே பிரெட்டில் அழுத்தி எடுத்த சத்தமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தியது கூடினால் பிரிட்ஜின் சேணத்தை (கம்பி ஏறி உட்காரும் துண்டு) கழுத்திலிருந்து பின்னுக்கு இழுங்கள், குறைந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். கம்பி பழசாகிப்போனால் இந்தக் கணக்கு ஒருநாளும் சேராது. 45, 65, 85, 105 அளவுள்ள புதுக் கம்பித் தொகுதியைப் போட்டுவிட்டே இதைத் தொடங்குங்கள்.

கையும், நிறுத்தும் வித்தையும்

பட்டியின் நீளத்தை, கதிரையில் இருக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடிந்து, ஒரு மாதத்தில் நோவு தொடங்கும். பேஸ் ஏறக்குறைய 4 கிலோ பாரம், பட்டி ஏழெட்டு சென்ரிமீற்றர் அகலமாக இருந்தால் தோள் தாங்கும்.

வலது பெருவிரல் பிக்கப்பின் மேல் ஊன்றட்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டவேண்டும், ஒரே விரலால் ஓடப் பழகாதீர்கள். மீட்டிய விரல் காற்றில் நிற்காமல் அடுத்த தடித்த கம்பியின் மேல் வந்து இளைப்பாறட்டும். அந்தக் கம்பி அப்போதே அடங்கிவிடும். இடது கையில், பிரெட்டின் இரும்புக்குச் சற்றுப் பின்னே அழுத்துங்கள். இரண்டு இரும்புக்கும் நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும், கம்பியும் முனகும்.

இனி முக்கியமான பயிற்சி. மெட்ரோனோமை (தாளத்தைத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஏ கம்பியின் 3ஆம் பிரெட்டை மோதிர விரலால் அழுத்துங்கள். ஒன்று என்னும்போது மீட்டுங்கள். இரண்டு என்னும் அந்தக் கணத்தில் சத்தம் நிற்கவேண்டும். மூன்று, நான்கு அமைதி. பத்துத் தடவை. அடுத்து மூன்றில் நிற்கட்டும், அடுத்து நான்கில். நிறுத்துவதற்கு விரலைக் கம்பியிலிருந்து தூக்காதீர்கள். தூக்கினால் திறந்த கம்பி "டொம்" என்று பின்னால் ஒலிக்கும். அழுத்தத்தை மட்டும் விடுங்கள், தோல் கம்பியைத் தொட்டபடியே இருக்கட்டும், பக்கத்து விரல்களும் மெல்லப் படுக்கட்டும். ஒரு விரல் மட்டும் தொட்டால் 5, 7, 12ஆம் பிரெட்டுகளின் மேல் மணிச்சத்தம் தப்பி வரும். இரண்டு விரல் தொட்டால் வராது.

இதைத் தொலைபேசியில் பதிந்து கேளுங்கள், ஆனால் இயர்ஃபோனில். தொலைபேசியின் ஸ்பீக்கர் பேஸின் அடிச்சத்தத்தைக் காட்டாது. பதிவில் முதலில் பிடிபடுவது பெரும்பாலும் நிற்கும் இடத்தின் தடுமாற்றம்தான். இரண்டு கிழமை இதைத் தினம் பத்து நிமிடம் செய்தவரின் வாசிப்பு, ஆறு மாதம் ஓட்டம் மட்டும் பழகியவருடையதைவிடக் குழுவில் சுத்தமாகக் கேட்கும்.

கட்டைக் கணக்கில் பிரெட்டுகள்

இங்கே பாடுகிறவர்களில் பலர் கர்நாடக இசை படித்தவர்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்த ஒருவர் "இரண்டு கட்டை" என்று சொன்னால் உங்களுக்கு உடனே பிரெட் தெரியவேண்டும். கட்டை என்பது பாடுகிறவரின் ச நிற்கும் சுருதி. ஒரு கட்டை என்பது சி. 1, 2, 3, 4, 5, 6, 7 கட்டைகள் முறையே சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி.

திறந்த ஈ கம்பியே 3 கட்டை. அதே கம்பியில் 1ஆம் பிரெட் 4 கட்டை, 3ஆம் பிரெட் 5, 5ஆம் பிரெட் 6, 7ஆம் பிரெட் 7, 8ஆம் பிரெட் 1, 10ஆம் பிரெட் 2, 12இல் மறுபடி 3. ஏ கம்பியைத் திறந்தால் 6 கட்டை, 2ஆம் பிரெட் 7, 3ஆம் பிரெட் 1, 5ஆம் பிரெட் 2, 7ஆம் பிரெட் 3. இடையில் வருபவை அரைக் கட்டைகள். 3க்கும் 4க்கும் நடுவிலும், 7க்கும் 1க்கும் நடுவிலும் அரை இல்லை, அவை அடுத்தடுத்த பிரெட்டுகள்.

ச எந்தப் பிரெட்டில் இருந்தாலும், அடுத்த மெல்லிய கம்பியில் அதே பிரெட் ம, இரண்டு பிரெட் தள்ளி ப. இரண்டு கம்பி தாண்டி இரண்டு பிரெட் தள்ளி மேல் ச. அடுத்த தடித்த கம்பியில் அதே பிரெட் கீழ்ப் ப. இந்த வடிவம் எங்கே நகர்த்தினாலும் மாறாது. இதை மட்டும் வைத்தே நூறு பாட்டுக்குத் துணை நிற்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பழக்கதோஷத்தில் ச–ப, ச–ப என்று ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் ஹிந்தோளத்தில் அமைந்த பாட்டில் மாட்டிக்கொள்வார்கள். அந்த ராகத்தில் ப கிடையாது. அங்கே ச–ம என்று போங்கள். பாடுகிறவரின் முகம் மாறுவதிலேயே வித்தியாசம் தெரியும்.

பாட்டில் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போது உங்கள் வேர்ச் சுரமும் (அந்தக் கோர்ட்டின் பெயரிலுள்ள அடிச் சுரம்) மாறவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கோர்ட் எழுதிய தாளை ஓர்கன்காரரிடம் வாங்கி, ஒவ்வொரு கோர்ட்டின் முதல் எழுத்தை மட்டும் முதலில் வாசியுங்கள். எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் தனியொரு மெட்டாகவே நடக்கும். அவற்றைப் பிடிக்க ஆசை வரும், வரவும் வேண்டும். வேர்ச் சுரம் கையில் நின்றபிறகு ஒரு பாட்டில் நான்கு நான்கு தாளவட்டமாக எடுத்துப் பழகுங்கள்.

குழுவுக்குள்

முதல் ஒத்திகையில் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடாதீர்கள். நீங்களும் டிரம்ஸ் அல்லது ஒக்டபாட் வாசிப்பவரும் மட்டும் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். அவர் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்கும் இடங்களில் மட்டும் நீங்கள் மீட்டுங்கள், ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) விழும் கணத்தில் உங்கள் சத்தத்தை நிறுத்துங்கள். மேலே பழகிய பயிற்சி இங்கேதான் பலன் தரும். ஸ்னேருக்கு இடம் கிடைக்கும், பாட்டு நடக்கத் தொடங்கும்.

அடுத்து ஓர்கன். நம் பக்கத்துக் குழுக்களில் சத்தம் குழம்புவதற்கு முதற்காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம். ஓர்கன்காரர் தனியாக வாசித்துப் பழகியவர், அவருடைய இடது கை பேஸையும் சேர்த்தே வாசிக்கும். ஸ்டைல் (ஓர்கன் தானாக வாசிக்கும் பின்னணி) போட்டால் அதற்குள்ளும் ஒரு பேஸ் ஓடும். ஆக மூன்று பேஸ். கீழே ஒருவருக்குத்தான் இடம். ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், பெரும்பாலான ஓர்கன்களில் அதற்கு வழி உண்டு. இடது கை நடு சி-க்கு ஓர் ஒக்டேவ் கீழே இறங்க வேண்டாம் என்று கேளுங்கள். வயதில் மூத்தவராக இருந்தால், "அண்ணை, ஒருக்கா இடது கை இல்லாமல் வாசித்துப் பார்ப்பமா?" என்று கேட்டு, இரண்டு விதமாகவும் பதிந்து போட்டுக் காட்டுங்கள். வாதாடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

ஓர்கனில் இன்னொரு பொறி இருக்கிறது: டிரான்ஸ்போஸ் பொத்தான். பாடுபவருக்காக அவர் இரண்டு கூட்டி வைத்திருப்பார், விரல் சி-யில் இருக்கும், சத்தம் டி-யில் வரும். "சி-தான் தம்பி" என்பார். அவர் சொல்வதும் உண்மை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் "கை சி-யா, சத்தம் சி-யா?" என்று கேட்டு, தாளில் சத்தத்தின் சுரத்தை எழுதிவையுங்கள்.

பைலா இல்லாமல் இங்கே எந்தக் கொண்டாட்டமும் முடியாது. மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டத்தோடு உறவுள்ள தாளம் அது. ஆறாக எண்ணுங்கள். முதலில் ஒன்றில் வேர்ச் சுரம், நான்கில் கீழ்ப் ப, இரண்டையும் குறுக்கி வாசியுங்கள். நீட்டினால் ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் ஆகிவிடும். வேகம் கூடிக்கொண்டே போகும் பழக்கம் பைலாவில் எல்லாக் குழுவுக்கும் உண்டு. அதைப் பிடித்து நிறுத்துவது பேஸின் பொறுப்பு.

ஒத்திகை இடம் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் என்றால் சத்தம் குமுறும். அம்பை மூலையில் வைக்காதீர்கள், மூலை பேஸைப் பெருக்கிக் காட்டும். சுவரிலிருந்து தள்ளி, ஒரு கதிரையின் மேல் காது உயரத்துக்கு ஏற்றுங்கள். பேஸ் திருகைக் குறைத்து நடுப்பகுதியைக் கூட்டினால், வொலியூமைக் கூட்டாமலே சுரம் விளங்கும். தனியாகக் கேட்கும்போது அது அழகாக இராது. குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும்.

மேடை

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டி மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் சனம் திரளும் காலம், நத்தார் காலத்து ஒளிவிழாக்கள், திருமண வீடுகள். மேடை எதுவானாலும் முதல் வேலை மின்சாரம். 230 வோல்ற், பெரும்பாலும் ஜெனரேற்றர், நிலத்தில் ஈரம். அம்பைப் போட்டபின் கம்பியைக் கையால் தொடுமுன் ரெஸ்ரர் திருகாணியால் தொட்டுப் பாருங்கள், மைக்கின் வலைத்தலையையும் அப்படியே. உள்ளிருக்கும் சிறு பல்ப் எரிந்தால் வாசிக்காதீர்கள். கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறவரின் உடல் வழியே அது பாயும். சவுண்ட்காரரிடம் சொல்லி, அம்பும் மிக்சரும் ஒரே எர்த்துள்ள இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். "ம்ம்ம்" என்ற இரைச்சலைப் போக்கப் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்கும் அதை அனுமதிக்காதீர்கள். அதற்கு டீஐ பெட்டியில் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) கிறவுண்ட் லிஃப்ற் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டுமே பிரிக்கும், ஆபத்தில்லை.

பேஸிலிருந்து டீஐ பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் மிக்சருக்கு, ஒரு வயர் உங்கள் அம்புக்கு. அம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டை ஒருபோதும் மிக்சரில் செருகாதீர்கள், மிக்சர் எரியும். சவுண்ட் செக்கில் ஈ கம்பியையும் ஜி கம்பியையும் ஒரே பலத்தில் மாறி மாறி வாசித்துக் காட்டுங்கள். 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 200 முதல் 250 வரை கொஞ்சம் குறைத்தால் பாடுபவரின் குரல் தெளியும். கல்லடிக் கடற்கரை போன்ற திறந்தவெளியில் சுவர் இல்லாததால், மேடையில் பேஸ் காணாமல்போனதுபோல் இருக்கும். கூட்டாதீர்கள். ஒருவரை முப்பது மீற்றர் தள்ளி நிறுத்தி அவருடைய கைச் சைகையை நம்புங்கள்.

பையில் இருக்கவேண்டியவை: வயர் இரண்டு (ஒன்று 6 மீற்றருக்கு மேற்படாமல்), புதுக் கம்பித் தொகுதி ஒன்று, அலன் கீ, ரியூனர், ரெஸ்ரர், ரோர்ச், அக்டிவ் என்றால் 9 வோல்ற் பற்றரி.

உப்பும் ஈரமும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறோம், கம்பிக்கு அது பெரிய சோதனை. வாசித்து முடித்ததும் பழைய பருத்திச் சாரத்துண்டால் ஒவ்வொரு கம்பியையும் விரல்களுக்கு நடுவே பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்து, பிரிட்ஜிலிருந்து தலைவரை இழுத்துத் துடையுங்கள். வியர்வை தங்குவது அடிப்பக்கத்தில்தான். பிரிட்ஜின் ஆணிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தீக்குச்சி முனையில் தொட்ட ஒரு சொட்டு மெஷின் ஒயில். வொலியூம் திருகு கரகரத்தால் கொன்ரக்ற் கிளீனரை உள்ளே விசிறி இருபது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், பிரெட்டுகளின் நுனி கையில் கீறத் தொடங்கும். வாடை பிறந்து மழை இறங்கினால் மரம் ஊதும், துணிப்பைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவை, ஆனியிலும் கார்த்திகையிலும், அந்த 0.3 மில்லிமீற்றரை மறுபடி அளந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பேஸைப் பைக்குள் பூட்டிவைக்காமல், வெளிச்சுவரில் சாயாதபடி உள்ளறையில் வையுங்கள். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் நனைந்து வந்தாலும், படுக்கப் போகுமுன் பையைத் திறந்து பேஸை வெளியே எடுத்துவிடுங்கள். பை விறாந்தையில் காயட்டும்.